மூச்சில் வந்த கதலி மணம்

என் இடது காலிலிருந்து எடுத்த சீழை இரண்டு கண்ணாடித் துண்டுகளில் அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது.

ஆசுப்பத்திரியில் பெண்கள் பகுதி விறாந்தை முடிகிற இடத்தில் ஒரு சின்ன அறை இருக்கிறது. யன்னலோரம் ஒரு மேசை, அதன் மேல் டொக்டரின் நுணுக்குக்காட்டி (கண்ணுக்குத் தெரியாதவற்றைப் பெருப்பித்துக் காட்டும் கருவி). தாதியை எங்கள் பக்கத்தில் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். அந்த மிஸி என்னை உருளைக் கதிரையில் தள்ளிக்கொண்டுபோய் மேசையடியில் விட்டார். “கண்ணை மட்டும் வை தங்கச்சி, கையை வையாதை” என்றார்.

முதல் துண்டு என்னை அங்கே கொண்டுவந்த அன்று எடுத்தது. மற்றது பதினொரு நாள் கழித்து எடுத்தது. இரண்டுக்கும் ஒரே நீலச் சாயம். கிருமியும் ஒன்றுதான்: முந்திரிகைக் குலை போலத் திரண்ட சிறு புள்ளிகள்.

முதல் துண்டில் வெண்குழியங்கள் (இரத்தத்தில் ஓடித்திரிந்து கிருமிகளை விழுங்கும் நிறமற்ற உயிர்த்துகள்கள்) நெருக்கமாகக் கிடந்தன. புள்ளிகளும் நிறைய. ஆனால் ஒன்றுக்குள் ஒன்று போகவில்லை. புள்ளிகள் வெளியே சும்மா கிடந்தன. இரண்டாவது துண்டில் வெண்குழியங்கள் குறைவு. புள்ளிகளோ அநேகமாக அவற்றின் வயிற்றுக்குள்ளே இருந்தன.

நான் மாறி மாறிப் பார்த்தேன். முதல் நாள் அவை வராமல் இருக்கவில்லை. கூட்டமாக வந்திருந்தன. வந்து வேலை செய்யாமல் நின்றிருக்கின்றன. கால் அதே கால். கிருமி அதே கிருமி. அந்தப் பதினொரு நாளில் மாறியது என் இரத்தத்தில் ஓடிய ஒரு புளிப்புக் கழிவு.

இதைச் சலரோகம் (நீரிழிவு) உள்ளவர்களுக்காக எழுதுகிறேன். அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களும் படிக்கவேண்டும். நான் வைத்தியம் படித்தவள் அல்ல. சுன்னாகத்துக்குக் கிழக்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கும் சுகாதாரமும் படிப்பிக்கிறேன். வயது இருபத்தொன்று. நான் விட்ட பிழை பாதி படித்ததால் வந்த பிழை. அந்தப் பாதியைத் தாண்ட எனக்கு இரண்டு கால்விரல் செலவாயிற்று.

தொடக்கம் ஆடி மாதம். வகுப்பில் ஒரு பாடம் முடியுமுன் பானைத் தண்ணீரை நாலு தரம் மொண்டு குடிப்பேன். அடுத்த பாடத்துக்குள் இரண்டு தரம் வெளியே ஓடுவேன். “மணியடிக்கிறதுக்கு முதல் ரீச்சர் அடிச்சிடுவா” என்று கடைசி வாங்கில் இருந்த பிள்ளைகள் கதைத்தது என் காதிலும் விழுந்தது. சட்டை தோளில் நிற்கவில்லை. கிணற்றடிக்குப் பின்னால் நான் போய்வந்த இடத்தில் எறும்பு வரிசை கட்டியதை அம்மாதான் முதலில் கண்டார். கண்டும் இரண்டு கிழமை யாருக்கும் சொல்லவில்லை. கலியாணம் பேசுகிற வயதில் இருக்கிறவளைப்பற்றி எறும்பு சொன்னதை எப்படி வெளியே சொல்வது என்று யோசித்திருப்பார்.

பிறகு அண்ணை ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஐயா இல்லாத வீடு எங்களுடையது. வெங்காயத் தோட்டமும் நாங்களும் அண்ணையின் பொறுப்பு.

டொக்டர் மெலிந்த மனிதர். கதை வேகம், கேலி அதைவிட வேகம். நான் கேள்வி கேட்கக் கேட்க அவருக்கு உற்சாகம் வந்ததா, அலுப்பு வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“உம்முடைய முற்றம் நிறைய விறகு கிடக்குது ரீச்சர்” என்றார். “அடுப்புக்குள்ளைதான் போகுதில்லை. சீனிதான் விறகு. அதை உள்ளுக்குத் தள்ளுற சாமானைச் சதையி சுரக்கவேணும். உம்முடைய சதையி வேலையை விட்டிட்டுது.”

சதையி என்பது இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும் சுரப்பி. அது சுரக்காததை இன்சுலின் என்ற ஊசி மருந்தாக வெளியே இருந்து ஏற்றவேண்டும், காலையும் மாலையும், உயிர் உள்ளவரை. இன்னுமொன்றும் சொன்னார்: விறகு உள்ளே போகாவிட்டால் உடம்பு தன் கொழுப்பை எடுத்து எரிக்கும், அதனால் ஒரு புளிப்புக் கழிவு இரத்தத்தில் சேரும், அது பொல்லாதது. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். அந்தக் கொப்பி இப்போதும் இருக்கிறது. சீனியைப்பற்றிய வரிகளுக்குக் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடு இழுத்திருக்கிறேன். புளிப்பைப்பற்றிய வரி அடுத்த பக்கத்தின் மேலே தனியாக நிற்கிறது. அதற்குக் கோடு இல்லை.

சிறுநீரில் சீனி பார்க்க ஒரு சோதனைக் குழாய், ஒரு சாராய விளக்கு, ஒரு போத்தல் நீலத் திரவம் தந்தார். திரவத்தில் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சவேண்டும். நீலமாகவே நின்றால் சீனி இல்லை. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று போகப்போகச் சீனி கூடுதல். எனக்கு இது விளையாட்டுப்போல் ஆயிற்று. நாளுக்கு மூன்று தரம் காய்ச்சினேன். நிறங்களை வரைந்து ஒரு அட்டவணை சுவரில் ஒட்டினேன். மருந்துப் புட்டியை ஈரமணல் நிரப்பிய முட்டிக்குள் கிணற்று நிழலில் வைத்தோம்.

மருந்து எங்கிருந்து வருகிறது என்று வீட்டில் விளக்கியதும் நான்தான். கசாப்புக் கடையில் மாட்டின் சதையியை வாங்கி, அரைத்து, வடித்து எடுக்கிறார்கள் என்று கைகளால் காட்டிக் காட்டிச் சொன்னேன். எனக்கு அது ஒரு புதினம். அடுத்த நாள் தொடக்கம் ஊசி அவிக்கிற சட்டி குசினிக்குள் (சமையலறைக்குள்) வரவில்லை. அம்மா கிணற்றடியில் மூன்று கல் வைத்து அங்கேயே அவித்தார்.

புரட்டாசியில் உடம்பு தேறியது. அட்டவணையில் நீலம் அடிக்கடி வந்தது. அம்மா ஆடியிலேயே நேர்த்தி வைத்திருந்தார், பிள்ளைக்குச் சுகம் வந்தால் கந்தசட்டி ஆறு நாளும் தாயும் மகளும் தண்ணீரோடு இருப்போம் என்று. நீலத்தைக் கண்டதும் நேர்த்தி பலித்துவிட்டது என்று அவர் முடிவு செய்தார். மருந்து பலித்தது என்று நான் முடிவு செய்தேன். இரண்டு முடிவும் ஒரே இடத்துக்கு எங்களைக் கொண்டுபோயின.

ஐப்பசியில் மழை தொடங்கியது. விரதத்துக்கு நாலு நாள் முன்னம் வேலிப் படலையடியில் விழுந்துகிடந்த பனைமட்டையை மிதித்தேன். கருக்கு (மட்டையின் ஓரத்தில் இருக்கும் வாள்பல்) இடது காலின் சின்ன விரலுக்குக் கீழே கீறியது. மஞ்சள் பூசிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். எங்கள் ஊரில் கருக்குக் கீறாத கால் இல்லை.

விரதத்துக்கு முதல் நாள் அம்மா கேட்டார்.

“மாட்டிலை இருந்து எடுத்த சாமானை விரத உடம்புக்குள்ளை ஏத்திக்கொண்டு முருகனுக்கு முன்னாலை எப்பிடிப் பிள்ளை நிப்பாய்? உந்த ஊசியை ஒரு ஆறு நாளைக்கு விடு.”

அம்மாவின் சொல்லுக்காக மட்டும் விட்டேன் என்று எழுதினால் அது பொய். எனக்கு என் சொந்தக் கணக்கு இருந்தது. சாப்பாட்டிலிருந்துதான் சீனி வருகிறது. சாப்பாடே இல்லையென்றால் சீனி இல்லை. சீனி இல்லையென்றால் அதைத் தள்ள ஊசி எதற்கு? குழாயும் விளக்கும் கையில் இருக்கின்றன, மஞ்சள் வந்தால் போட்டுக்கொள்ளலாம். இவ்வளவு தெளிவாக யோசித்ததையிட்டு அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

முதல் நாள் இலேசான பச்சை. இரண்டாம் நாள் நீலம். மூன்றாம் நாளும் நீலம். அட்டவணையை அண்ணைக்குக் காட்டினேன். “அப்ப டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்து உன்னட்டைப் படிக்க விடுவம்” என்றார்.

நாலாம் நாள் நான் காய்ச்சவில்லை. மூன்று தரம் ஒரே விடை வந்த கணக்கை நாலாம் தரமும் யார் செய்வார்கள்? அதோடு எழும்ப மனமில்லை. வயிற்றைப் பிரட்டியது. நாக்கு காய்ந்து மேலே ஒட்டியது. கால் செருப்புக்குள் போகவில்லை. எல்லாம் விரதக் களை என்று நினைத்தேன்.

சூரன்போர் அன்றைய பூசைக்கென்று அண்ணை ஒரு கதலிக் குலை வெட்டிக் குசினிக் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அது பழுக்கத் தொடங்கியிருந்தது. அந்த நாலாம் நாள் காலை அம்மா என் நெற்றியில் திருநீறு பூசக் குனிந்தவர், அப்படியே நின்றார்.

“உன்ரை வாயிலை கதலிப்பழம் மணக்குது.”

“பச்சைத் தண்ணியே வயித்திலை நிக்குதில்லை அம்மா.”

“பசி பொல்லாததுதான். திண்டால் திண்டனெண்டு சொல்லு. விரதத்திலை பொய் சொல்லாதை.”

போய்க் குலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பழமும் குறையவில்லை. அப்படியானால் அண்ணை சந்தையில் வாங்கி ஒளித்துத் தந்திருக்கவேண்டும் என்றார். “நான் வாங்கினதெண்டால் எனக்கும் ஒரு சீப்பு மிச்சம் வந்திருக்குமே” என்று அண்ணை பகிடி விட்டார். அம்மா சிரிக்கவில்லை. எனக்குக் கோபத்தில் கண் கலங்கியது. உள்ளங்கையில் ஊதி நானே மணந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. தன் மூச்சு தனக்குத் தெரியாது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. அம்மாவோடு அன்று முழுக்கப் பேசவில்லை.

ஐந்தாம் நாள் காலை மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வந்தது, கிணற்றிலிருந்து நீர் இறைத்துவிட்டு வந்தவளைப்போல. நான் பாயை விட்டு எழும்பவே இல்லை. கால் கணுக்கால் வரை சிவந்து மினுங்கியது. சின்ன விரலடி கறுத்திருந்தது. அண்ணை அதைப் பார்த்தவுடன் சுன்னாகத்துக்குச் சைக்கிளில் போய் ஒரு கார் பிடித்துக்கொண்டு வந்தார். அம்மா வரவில்லை. விரதத்தின் நடுவில் அவர் வாசலைத் தாண்டுவதில்லை.

டொக்டர் என் முகத்துக்குக் கிட்டக் குனிந்தார், உடனே நிமிர்ந்தார். அவர் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேனாம். எனக்கு மங்கலாகத்தான் நினைவு. மிஸி பிறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

“நான் பழம் சாப்பிடேல்லை” என்றேனாம்.

“ஓம். அதுதான் பிரச்சினை” என்றாராம் டொக்டர்.

எத்தனை நாளாய் ஊசி இல்லை என்று கேட்டார். ஐந்து என்றார் அண்ணை. நான் சுவரில் ஒட்டிய நீலத்தைப்பற்றியும் சொன்னார். டொக்டர் தன் மேசையிலிருந்து வேறொரு உப்பை எடுத்து என் சிறுநீரில் போட்டு, மேலே காரம் விட்டுக் காட்டினார். கத்தரிப்பூ நிறம் அல்ல, கத்தரிக்காய் நிறமே வந்தது. அது அசற்றோன் (கொழுப்பு எரிந்து வரும் புளிப்புக் கழிவின் ஒரு கூறு, பழுத்த பழம்போல் மணக்கும்). நீலத் திரவம் சீனியை மட்டும் கேட்கும். இதை அது கேட்காது. நாலாம் நாள் காய்ச்சியிருந்தால் நீலமும் போய்விட்டிருக்கும் என்றும் சொன்னார். காலில் கிருமி பிடித்தால் பட்டினி கிடந்தாலும் சீனி ஏறும். சாப்பாடு இல்லாத உடம்புக்கும் இன்சுலின் வேண்டும். எரிகிற கொழுப்பை அடக்கிவைப்பது அதுதான்.

அன்று முற்பகலே காலைக் கீறித் திறந்து சீழை வடித்தார்கள். அதில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் பூசி வைத்தார்கள். அதுதான் நான் முதலில் சொன்ன முதல் துண்டு. நரம்பில் உப்புத்தண்ணீர், இரண்டு மணிக்கு ஒரு தரம் ஊசி. அந்தக் கிருமியைக் கொல்ல அங்கே மருந்து இல்லை. கீறலாம், கழுவலாம். மிச்சத்தை என் இரத்தம்தான் செய்யவேண்டும்.

டொக்டர் பேனையை எடுத்து என் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே வளையம்போல் ஒரு மைக்கோடு போட்டார். அண்ணையைப் பார்த்துச் சொன்னார்:

“சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினால் முழங்காலுக்குக் கீழை எடுக்கவேண்டி வரும், தம்பி. நாளை மத்தியானம் வரைக்கும் பாப்பம். அதுக்கு மேலை வைச்சிருந்தால் ஆளே மிஞ்சாது.”

ஒப்பத்தாள் ஒன்றை அண்ணையிடம் கொடுத்தார்கள். அவர் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

அடுத்த நாள் விடிந்தபோது எனக்குத் தெளிவு வந்துவிட்டது. செய்ய ஒன்றும் இல்லை. கோட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சிவப்பு கணுக்காலைத் தாண்டி வந்திருந்தது. கோட்டுக்கும் அதற்கும் இடையில் இரண்டு விரல் அகலம் இருந்தது. விறாந்தை மணிக்கூட்டில் ஏழு. மிஸி வந்து சிறுநீரைச் சோதித்தார். கத்தரிக்காய் நிறம் கத்தரிப்பூவாகியிருந்தது. எட்டரைக்கு இடைவெளி ஒரு விரலுக்குக் கொஞ்சம் அதிகம். பத்து மணிக்கு ஒரு விரல். என் கால் அந்த நேரம் எனக்குச் சொந்தமானதாய்த் தெரியவில்லை. அது ஒரு காணி, எல்லையில் வழக்கு நடக்கிறது, நான் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறேன். பயம் இருந்ததா என்று கேட்கிறார்கள். அப்போது பயப்பட இடமில்லை. அளந்துகொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்கும் ஒரு விரல். சிறுநீரில் ஊதா வெறும் சாயல்தான். பன்னிரண்டுக்கு டொக்டர் வந்தார். சிவப்பின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“நிண்டிட்டுது” என்றார்.

கறுத்துப்போன சின்ன விரலையும் அதற்குப் பக்கத்து விரலையும் மூன்றாம் நாள் எடுத்தார்கள். கால் தப்பியது. அண்ணை ஒப்பத்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது பார்த்தேன். அவர் முதல் நாளே கையெழுத்து வைத்துவிட்டுத்தான் பைக்குள் வைத்திருந்திருக்கிறார்.

பாறணை (விரதம் முடித்து உண்ணும் உணவு) முடிந்த அடுத்த நாள் அம்மா வந்தார். காலைச் சுற்றியிருந்த துணியைப் பார்க்கவில்லை. நேரே தலைமாட்டுக்கு வந்து என் வாயருகே குனிந்தார். இரண்டு தரம் மூச்சிழுத்து மணந்து பார்த்தார்.

“இப்ப மணம் இல்லை” என்றார். பிறகு கட்டிலில் இருந்துகொண்டு, யன்னலைப் பார்த்தபடி, “நீ அண்டைக்குத் திண்டிருக்கலாம் பிள்ளை” என்றார்.

நான் பழத்தைத் தின்றிருந்தாலும் ஊசி இல்லாமல் அது உதவியிராது. அதை விளக்க எனக்கு வாய் வந்தது. விளக்கவில்லை. என் வாழ்க்கையில் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன்.

பதினோராம் நாள்தான் நுணுக்குக்காட்டியைப் பார்த்தேன். பார்த்ததும் டொக்டரை வரச்சொல்லி மிஸியை நச்சரித்தேன். அவர் வெளிநோயாளரைப் பார்த்து முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

மழைக்காலத்தில் ஈரமட்டையை அடுப்பில் வைத்தால் குசினி முழுக்கப் புகை. சமைக்கிறவர்கள் வெளியே ஓடிவிடுவதில்லை. உள்ளேதான் நிற்பார்கள், கண்ணைத் திறக்கமாட்டாமல், அகப்பையைத் தேடிக்கொண்டு. என் வெண்குழியங்களும் அப்படித்தான் நின்றிருக்கின்றன என்றேன். கொழுப்பு எரிந்த கழிவை நாங்கள் குப்பை என்று நினைக்கிறோம். அது குப்பைபோல் ஒரு மூலையில் கிடக்கவில்லை. காவலுக்கு நிற்பவற்றின் கையைப் பிடித்து நிறுத்துகிறது. ஊசி போட்டுப் புகை அடங்கியதும் அவை விழுங்கத் தொடங்கிவிட்டன. சிவப்பு கோட்டடியில் நின்றது அதனால்தான்.

டொக்டர் இரண்டு துண்டையும் பார்த்தார். அவசரப்படாமல் பார்த்தார்.

“வடிவான கதை” என்றார். “முதல் துண்டு கட்டிக்குள்ளை கன நாள் கிடந்த பழஞ்சீழ். ரெண்டாவது, திறந்து கழுவின புண். வித்தியாசம் அதாலையும் வரலாம். உம்முடைய அடுப்பாலைதான் வந்ததெண்டு எப்பிடிச் சொல்லுவீர்?”

“சிவப்பு நிண்டது?”

“நான் கீறினதாலை நிண்டிருக்கலாம். எனக்கும் கொஞ்சம் பேர் விடும் ரீச்சர்.”

பிறகு கதிரையை இழுத்து இருந்தார். சலரோகக்காரருக்குப் புண் மாறாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஏன் என்பதில்தான் குழப்பம். வெண்குழியத்தைக் கெடுப்பது சீனி என்று சிலர் சொல்கிறார்கள், புளிப்பு என்று சிலர், இரண்டும் இல்லை என்றும் சிலர். “எனக்குத் தெரியாது” என்றார். டொக்டர் ஒருவர் என்னிடம் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது தை மாதம். தடியோடு நடக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கதிரையில் இருந்து படிப்பிக்க விட்டிருக்கிறார்கள். இல்லாத இரண்டு விரலும் மழை வந்தால் கடிக்கின்றன. முன்பு உடம்பு என்னோடு வருகிற ஒன்று. நான் நினைப்பேன், அது செய்யும். இப்போது அது ஓயாமல் எரிகிற ஒரு அடுப்பு என்று தெரியும். நான் படிப்பிக்கும்போதும், கோபிக்கும்போதும், நித்திரையிலும் அது எதையோ எரித்துக்கொண்டிருக்கிறது. என் நாள் விடிவதும் பொழுதுபடுவதும் சூரியனால் அல்ல, ஊசியால். ஆறு நாள் என்று அம்மாவும் நானும் எவ்வளவு இலேசாகச் சொன்னோம். உடம்புக்கு ஆறு நாள் என்று ஒன்று இல்லை. அதற்கு இரண்டு மணி நேரத் துண்டுகள்தான் உண்டு, ஒன்றன்பின் ஒன்றாக.

இதே நிலையில் இருக்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவு: சாப்பிட முடியாத நாளிலும் ஊசியைத் தானாக நிறுத்தாதேயுங்கள், டொக்டரைக் கேளுங்கள். நீலத்தை நம்பலாம், ஆனால் அது கேட்ட கேள்விக்கு மட்டும். காலில் கீறினால் அன்றே காட்டுங்கள். மூச்சில் பழம் மணக்கிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் கோபிக்காதேயுங்கள்.

அம்மா இப்போது காலையில் ஊசிச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். சட்டி குசினிக்குள் வந்துவிட்டது. “வா, ஊது பாப்பம்.” ஊதுவேன். டொக்டர் தந்த, ஊதா காட்டும் உப்பும் என்னிடம் இருக்கிறது. மார்கழியில் ஒரு காய்ச்சல் வந்தபோது அம்மாவின் மூக்கு காலையில் சொன்னதை உப்பு மத்தியானம்தான் சொன்னது. அட்டவணையில் இப்போது அம்மாவுக்கென்று ஒரு நிரல் போட்டிருக்கிறேன். அவர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் போவார்.

ஒரு ஊசியை மட்டும் விட்டுவிட்டு என் இரத்தத்தை எடுத்துப் பார்த்தால் என்ன என்று எனக்கு ஒரு எண்ணம் வந்தது உண்மை. அரை நாள்தானே. கொப்பியில் எழுதியும் வைத்தேன். அடுத்த நாள் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். என்னையே அடுப்பாக வைத்துப் பார்த்தாயிற்று.

செய்யப்போவது வேறு. ஆரோக்கியமான ஒருவரின் விரலில் இருந்து இரத்தம் எடுத்து மூன்று கண்ணாடியில் விடவேண்டும். ஒன்றில் வெறும் உப்புத்தண்ணீர், ஒன்றில் சீனி, ஒன்றில் அந்தப் புளிப்பு. புளிப்பைக் கொழும்பில் வாங்கலாமா என்று டொக்டர் எழுதிக் கேட்டார். சின்னக் குப்பியில் வந்திருக்கிறது. வெண்குழியங்கள் விழுங்குவதற்கு ஒன்று வேண்டும். உயிருள்ள கிருமியைத் தொட டொக்டர் விடமாட்டார். அப்பத்துக்கு மா புளிக்க அம்மா விடுகிற கள்ளின் அடிமண்டியில் மதுவம் (மாவைப் பொங்கச் செய்யும் நுண்ணுயிர்) நிறைய உண்டு. அவித்து, கழுவி, அதைத்தான் கொடுக்கப்போகிறேன். மூன்று துண்டையும் தீப்பெட்டிக்குள் வைத்து அக்குளில் இருபது நிமிடம் சூடாக வைத்திருந்துவிட்டு, எது எத்தனையை விழுங்கியது என்று எண்ணலாம். ஒரு தரம் போதாது. டொக்டர் சொன்னதுபோல் பத்துத் தரமாவது வேண்டும்.

விரல் அண்ணையுடையது. கேட்டபோது தோட்டத்துக் கையை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார்.

“நீ குடுத்தது ரெண்டு. என்னட்டைப் பத்து இருக்கு. எண்ணிப் பாத்துத் திருப்பித் தா.”

சனிக்கிழமை பின்னேரம் நுணுக்குக்காட்டி எங்களுக்கு ஒரு மணி நேரம். இன்று வெள்ளி. அம்மா அப்பத்துக்கு மா கரைத்துவிட்டு, கள்ளுப் போத்தலின் அடியை ஊற்றாமல் மூடி வைத்திருக்கிறார். எதற்கென்று நான் இன்னும் கேட்கவில்லை. காலையில் வழமைபோல் கூப்பிட்டார், ஊதினேன்.

“ஒண்டும் மணக்கேல்லை” என்றார். “நாளைக்குப் போ.”